பஞ்சர் டயர்: ஒட்டா, மாற்றா?

ஸ்கூட்டரின் பின் டயரில் ஆணி ஏறிவிட்டால் இரண்டு விதமான யோசனை வரும். பஞ்சர் கடைக்காரர், "ஒரு ஸ்ட்ரிப் குத்திட்டா போதும் சார், டயர் தேயுற வரைக்கும் ஓடும்" என்பார். சர்வீஸ் சென்டர் கவுண்டரில், "பஞ்சர் ஆன டயரை நம்ப முடியாது சார், மாத்திடுறது சேஃப்டி" என்பார்கள். முதலாமவர் கேட்பது நூறோ நூற்றைம்பதோ. இரண்டாமவர் கேட்பது ஆயிரத்து ஐந்நூறுக்கு முன்பின். இருவர் பேச்சிலும் உண்மை உண்டு. ஆனால் டயரைக் கழற்றி உள்ளே பார்த்துவிட்டு இருவரும் பேசவில்லை. இந்த விவகாரத்தில் என் புகார் முழுக்க அதுதான்.

நம் ஊரில் இது ரூபாய்க் கணக்காகவே பேசப்படுகிறது. சிக்கனக்காரர் ஒட்டுவார், பயந்தவர் மாற்றுவார் என்பது போல ஒரு நினைப்பு. ஓட்டை எங்கே விழுந்தது, காற்று இறங்கிய பிறகு எவ்வளவு தூரம் வண்டி ஓடியது, பட்டன் எவ்வளவு மிச்சம் என்ற மூன்றையும் கேட்காமல் எந்தப் பக்கம் தீர்ப்புச் சொன்னாலும் அது குருட்டுத் தீர்ப்பு.

முதலில் எந்த டயரைப் பற்றிப் பேசுகிறோம் என்று பார்த்துவிடலாம். ஆக்டிவா, ஆக்சஸ் மாதிரியான ஸ்கூட்டர்களின் பின் டயரில் 90/100-10 53ஜே என்று வார்த்திருக்கும். 90 மி.மீ. அகலம், அதே அளவு உயரம், 10 அங்குல ரிம். 53 என்ற எண்ணுக்கு 206 கிலோ வரை சுமை தாங்கும் என்று பொருள். ஜே என்ற எழுத்துக்கு மணிக்கு 100 கி.மீ. வரை வேகம். இதில் 100-க்கும் 10-க்கும் நடுவே ஒரு சின்னக் கோடு இருக்கிறதே, அதை யாரும் கவனிப்பதில்லை. அந்த இடத்தில் ஆர் என்ற எழுத்து இருந்தால் ரேடியல் டயர். கோடு இருந்தால், நைலான் நூல் அடுக்குகளை ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்த்துக் குறுக்கே போட்டு வார்த்த டயர். நம் ஸ்கூட்டர்களில் ஓடுவது பெரும்பாலும் இந்த இரண்டாம் வகைதான்.

இந்தக் கோடு விவாதத்தையே கொஞ்சம் புரட்டிப் போடுகிறது. 'ஒட்டிய டயரை நம்பாதே' என்பவர்கள் மேற்கோள் காட்டும் விதிகள் பெரும்பாலும் அமெரிக்காவில் கார் டயருக்காக எழுதியவை. ஓட்டை 6 மி.மீ.க்கு மேல் இருந்தால் ஒட்டக் கூடாது. பட்டன் பகுதியில் மட்டுமே ஒட்டலாம். ரிம்மிலிருந்து கழற்றி உள்ளே சோதிக்காமல் ஒட்டக் கூடாது. வெளியிலிருந்து செருகிய அடைப்பு மட்டுமே முழு ரிப்பேர் ஆகாது. கடைசி விதிக்கு அங்கே சொல்லப்படும் காரணங்களில் ஒன்று எஃகு. கார் டயரின் பட்டனுக்கு அடியில் எஃகுக் கம்பிப் பட்டை ஓடுகிறது. ஓட்டை வழியாகத் தண்ணீர் இறங்கினால் கம்பி துருப்பிடிக்கும், ரப்பர் அதை விட்டுப் பிரியும். நம் ஸ்கூட்டர் டயரின் பட்டனுக்கு அடியில் அந்தப் பட்டையே கிடையாது. ரிம்மைக் கவ்விப் பிடிக்கும் விளிம்பில் மட்டும்தான் கம்பி. ஆகவே துரு வாதம் இங்கே நிற்காது. மாற்றச் சொல்பவர்களின் கட்சியில் ஒரு கால் போயிற்று.

ஆனால் சக்கரம் சின்னது என்பது அவர்களுக்குச் சாதகம். 90/100-10 டயரின் சுற்றளவு ஏறத்தாழ 1.36 மீட்டர். ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 733 முறை சுற்ற வேண்டும். நூறு சிசி பைக்கின் 80/100-18 டயருக்கு அதே கிலோமீட்டரில் 516 சுற்றுதான். ஒவ்வொரு சுற்றிலும் ஓட்டை விழுந்த இடம் ஒருமுறை தரையில் அமுங்கி, தட்டையாகி, மறுபடி நிமிர்கிறது. சென்னையிலிருந்து விழுப்புரம் போய்ச் சேர்வதற்குள் அந்த ஒட்டு ஒரு லட்சம் முறைக்கு மேல் மடங்கி நிமிர்ந்துவிடும். பைக்கில் தாங்குகிற ஒட்டு ஸ்கூட்டரில் சீக்கிரம் களைத்துப்போவதில் அதிசயமில்லை.

சரி, அந்த ஸ்ட்ரிப் என்னதான் செய்கிறது? அருகில் நின்று பார்த்தால் வேலை ஐந்து நிமிடம். சோப்புத் தண்ணீர் தெளித்து நுரை கிளம்பும் இடத்தைக் கண்டுபிடிக்கிறார். குறடால் ஆணியைப் பிடுங்குகிறார். அரம் போல முள் வைத்த ஓர் இரும்பு ஊசியை ஓட்டைக்குள் விட்டு நாலைந்து முறை மேலும் கீழும் இழுக்கிறார். பிறகு ஊசிக் காது போன்ற பிளவு உள்ள இன்னொரு கருவியில், பிசின் போல ஒட்டும் ரப்பர் தோய்த்த நூல் ஸ்ட்ரிப்பை நடுவில் மடித்துக் கோத்து, சொல்யூஷன் தடவி, முழு உடல் பாரத்தையும் போட்டு உள்ளே அழுத்துகிறார். சடக்கென்று கருவியை உருவினால் ஸ்ட்ரிப் உள்ளே தங்கிவிடும். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு வால்களையும் பிளேடால் சீவிவிட்டு, காற்று அடித்து, மறுபடி சோப்புத் தண்ணீர். நுரை இல்லை. "அவ்ளோதான் சார்."

இந்த ஐந்து நிமிடத்தில் கவனிக்க வேண்டியது அரம் ஊசி. பழைய ரப்பரைச் சுரண்டிப் புதிய ரப்பர் பிடிக்க அது தேவைதான். ஆனால் அது ரப்பரை மட்டும் சுரண்டுவதில்லை. வழியில் கிடக்கும் நைலான் நூல்களையும் அறுக்கிறது. மெல்லிய ஆணி நூல்களுக்கு நடுவே புகுந்து, பல நூல்களை அறுக்காமலேயே ஒதுக்கிவிட்டு நின்றிருக்கும். ஊசி அந்தத் துளையைப் பெரிதாக்கிவிடுகிறது. அதாவது டயருக்கு நேர்ந்த காயத்தில் ஒரு பங்கு ஆணியுடையது, ஒரு பங்கு வைத்தியருடையது.

இன்னொன்று, ஸ்ட்ரிப் நிற்பது உராய்விலும் ஒட்டும் தன்மையிலும்தான். டியூப்லெஸ் டயரின் உட்சுவரில் காற்றைக் கசியவிடாத ஒரு பியூட்டைல் ரப்பர்ப் படலம் இருக்கிறது. டியூப் செய்யவேண்டிய வேலையை அதுதான் செய்கிறது. ஸ்ட்ரிப் அந்தப் படலத்தில் விழுந்த கிழிசலை மூடுவதில்லை. கிழிசலின் நடுவே ஒரு தக்கையாக நிற்கிறது. அதன் ஓரமாகக் கசியும் காற்று நேராக வெளியே போய்விட்டால் பரவாயில்லை, காற்று குறைகிறது என்று தெரிந்துவிடும். நூல் அடுக்குகளுக்கு நடுவே புகுந்தால் அடுக்குகளைப் பிரிக்கும். சில மாதம் கழித்து டயரில் எங்கோ ஒரு புடைப்பு தெரியும். புடைப்பு கண்ட டயருக்கு அப்பீல் கிடையாது, அன்றைக்கே கழற்றிப் போட வேண்டியதுதான்.

ஸ்ட்ரிப் கட்சிக்காரர்கள் இதற்கு ஒரு நல்ல பதில் வைத்திருக்கிறார்கள். "ஸ்ட்ரிப் பிடுங்கிக்கிட்டு டயர் வெடிச்சதை நீங்க பாத்திருக்கீங்களா? போனா மெதுவாத்தானே காத்து இறங்குது?" பெரும்பாலும் உண்மை. ஸ்ட்ரிப் தோற்றுப்போகும்போது வழக்கமாக நடப்பது மெதுவான கசிவுதான்; நாலு நாளைக்கு ஒருமுறை காற்று அடித்துக்கொண்டு மாதக்கணக்கில் ஓட்டுபவர்கள் ஏராளம். ஆனால் மெதுவான கசிவை அபாயமில்லாதது என்று எடுத்துக்கொள்வதில்தான் நான் முரண்படுகிறேன். ஆக்டிவாவின் பின் டயருக்கு ஒருவர் மட்டும் போனால் 29 பி.எஸ்.ஐ., பின்னால் ஆள் இருந்தால் 36 பி.எஸ்.ஐ. என்று சொல்லியிருக்கிறார்கள். கசிந்து கசிந்து அது 15-க்கு வந்த ஒரு காலையில், அப்பா, அம்மா, நடுவில் பிள்ளை, காலடியில் ஸ்கூல் பை என்று வண்டி கிளம்புகிறது. டயரின் பக்கவாட்டுச் சுவர் ஒவ்வொரு சுற்றிலும் அளவுக்கு மீறி மடங்கிச் சூடேறுகிறது. ஓட்டை நடுப்பட்டனில் இருந்தாலும் சேதம் பக்கச் சுவரில் சேர்கிறது. இதை வெளியிலிருந்து யாரும் பார்க்க முடியாது.

காற்று முழுக்க இறங்கிய பிறகு ஓட்டினால் நிலைமை இன்னும் மோசம். "பக்கத்துலதான் கடை, உருட்டிக்கிட்டே போயிடலாம்" என்று சொல்லிவிட்டு நாம் உருட்டுவதில்லை. ஆக்சிலரேட்டரை லேசாகத் திருகி உட்கார்ந்தே போகிறோம். ரிம்மின் விளிம்புக்கும் தாருக்கும் நடுவே பக்கச் சுவர் நசுங்கிக்கொண்டே வருகிறது. அப்படி ஓடிய டயரைக் கழற்றிக் கவிழ்த்தால் கறுப்பாகத் தூள் கொட்டும். உட்சுவர் தன்னைத் தானே அரைத்துக்கொண்ட தூள் அது. விரலை உள்ளே விட்டுத் தடவினால் பக்கச் சுவரைச் சுற்றி வளையமாக ஒரு சொரசொரப்பு தட்டுப்படும். சில டயர்களில் நூலே கையில் படும். வெளியே பார்த்தால் பட்டன் புத்தம் புதிதாக இருக்கும், ஓட்டை ஒரு குண்டூசி அளவுதான் இருக்கும். இந்த டயருக்கு ஸ்ட்ரிப் குத்தினால் காற்று நிற்கும், சோப்புத் தண்ணீர் சோதனையில் தேறிவிடும். தேறக் கூடாத டயர் தேறிவிடுகிறது. வெளியிலிருந்து மட்டுமே செய்யும் ரிப்பேரை நான் முழு ரிப்பேராக ஏற்காததற்கு முதல் காரணம் இதுதான். நூல் அறுபடுவதெல்லாம் அடுத்ததுதான்.

எதிர்த் தட்டில் இருப்பது மஷ்ரூம் பேட்ச். டயரை ரிம்மிலிருந்து கழற்றி, உள்ளே ஓட்டையைச் சுற்றி உப்புத்தாளோ கிரைண்டரோ போட்டுத் தேய்த்து, சொல்யூஷன் தடவிக் காயவிட்டு, காளான் வடிவ ரப்பரை உள்ளிருந்து வெளியே இழுப்பார்கள். காம்பு ஓட்டையை அடைக்கும், குடை உட்படலத்தின் கிழிசலை மூடும். உள்ளே இருக்கும் காற்றழுத்தமே குடையைச் சுவரோடு சேர்த்து அழுத்திப் பிடிக்கும். முறைப்படி செய்தால் ஸ்ட்ரிப்பைவிட எல்லா விதத்திலும் மேல். அதைவிட முக்கியம், இதைச் செய்ய உள்ளே பார்த்தே ஆக வேண்டும். தூள் கொட்டினால் அப்போதே தெரிந்துவிடும்.

ஆனால் 'முறைப்படி' என்ற சொல்லில் எல்லாச் சிக்கலும் ஒளிந்திருக்கிறது. பல ஸ்கூட்டர்களில் பின் சக்கரத்தை எடுக்கச் சைலன்சரைக் கழற்ற வேண்டும். பத்து அங்குல ரிம் சின்னது, விளிம்பு விறைப்பு. மெஷின் இல்லாத கடையில் இரண்டு லீவரைப் போட்டு நெம்பும்போது விளிம்பு ரப்பர் பிய்ந்தால் அங்கே புதிதாகக் கசியும். திரும்ப மாட்டும்போது விளிம்பு ரிம்மில் போய் உட்கார ஒரே மூச்சில் நிறையக் காற்று வேண்டும். சின்னக் கம்ப்ரசர் திணறும். சொல்யூஷன் காயும் வரை பொறுக்காமல் அவசரத்தில் ஒட்டிய மஷ்ரூம், நல்ல ஸ்ட்ரிப்பைவிட மோசம். ரோட்டோரத்தில் பழைய டயருக்கு வெள்ளை அடித்து 'பஞ்சர்' என்று எழுதித் தொங்கவிட்டிருக்கும் கடையில் மஷ்ரூம் கேட்பது அந்த மனிதருக்கு நியாயம் செய்வதாகாது. டயர் கழற்றும் மெஷின் வைத்திருக்கும் கடைக்குத்தான் போக வேண்டும்.

இங்கே ஒரு பழைய ஏற்பாட்டை நினைக்காமல் இருக்க முடியவில்லை. 1972-இல் வந்த பஜாஜ் சேத்தக்கிலும், அதற்கு முன்னோடியான வெஸ்பாவிலும் ஸ்டெப்னி இருந்தது. முன்னும் பின்னும் ஒரே அளவுச் சக்கரம். பஞ்சர் ஆனால் வண்டியை ஒரு பக்கமாகச் சாய்த்து, நட்டுகளைக் கழற்றி, மாற்றிப் போட்டுக்கொண்டு கிளம்பிவிடலாம். ஒட்டுவதா மாற்றுவதா என்ற முடிவை நடுரோட்டில் எடுக்க வேண்டியதில்லை. மறுநாள் சாவகாசமாகக் கடையில் கொடுத்தால் அவரும் சாவகாசமாகப் பிரித்துப் பார்ப்பார். கியர் இல்லாத ஸ்கூட்டர்கள் பரவியபோது ஸ்டெப்னி போய், ஹெல்மெட் வைக்கும் பெட்டி வந்தது. முடிவு ரோட்டுக்கு வந்துவிட்டது. வெயிலில், ஆபீஸுக்கு நேரமாகும் பதற்றத்தில், பார்வையில் படும் முதல் கடையில். ஸ்ட்ரிப் ராஜாவானது அப்படித்தான்.

ஆகவே ஸ்ட்ரிப்பை எதிர்ப்பதில் எனக்கு அர்த்தம் தெரியவில்லை. அது ஸ்டெப்னியின் வேலையைச் செய்கிறது: வீடு வரை, அல்லது நல்ல கடை வரை கொண்டுபோய்ச் சேர்க்கிறது. அதையே கடைசி வைத்தியம் என்று நினைத்து மறந்துவிடும் பழக்கத்தோடுதான் எனக்குச் சண்டை.

இனி ரூபாய். கணக்குக்காக, புதிய பின் டயர் 1,500 ரூபாய், பட்டன் பள்ளம் 6 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். மத்திய மோட்டார் வாகன விதிகள் இருசக்கர வாகனத்துக்குக் கேட்கும் குறைந்தபட்சப் பள்ளம் 0.8 மி.மீ. ஆக நாம் காசு கொடுத்து வாங்குவது 5.2 மி.மீ. ரப்பர். பள்ளம் 3 மி.மீ. மிச்சம் இருக்கும் டயரைத் தூக்கிப் போட்டால் ஏறத்தாழ 635 ரூபாய் குப்பைக்குப் போகிறது. 2 மி.மீ. என்றால் சுமார் 345. ஒன்றரை மி.மீ. என்றால் 200 ரூபாய்தான். கழற்றி மாட்டும் கூலியோடு மஷ்ரூம் பேட்ச் 250, 300 என்று வந்தால், 2 மி.மீ.க்குக் கீழே போன டயரை ஒட்டுவது காசுக்கணக்கிலேயே தோல்வி. போதாததற்கு, மழைத் தண்ணீரைப் பள்ளம் வழியாக வெளியேற்றும் சக்தி பட்டன் தேயத் தேயக் குறைகிறது; முள்ளும் கண்ணாடியும் ஏற வேண்டிய ரப்பரின் கனமும் குறைகிறது. தேய்ந்த டயர் ஒரு பஞ்சரோடு நிற்பதில்லை, அடுத்தடுத்து வரும். எனவே 2 மி.மீ.க்குக் கீழே என் தீர்ப்பில் தயக்கமில்லை: மாற்றுங்கள். 3 மி.மீ.க்கு மேலே, மற்றதெல்லாம் சரியாக இருந்தால், மாற்றச் சொல்பவர் உங்கள் பணத்தை வீணாக்குகிறார். 2025 செப்டம்பர் 22 முதல் புது டயருக்கான ஜி.எஸ்.டி. 28 விழுக்காட்டிலிருந்து 18 ஆகக் குறைந்தது தராசை மாற்றும் பக்கம் ஒரு நூல் சாய்த்திருக்கிறது. அதற்கு மேல் இல்லை.

அளக்கக் கருவி வேண்டாம். பள்ளத்தின் அடியில் குறுக்கே ஒரு சின்ன ரப்பர் மேடு இருக்கும்; அது இருக்கும் இடத்துக்கு நேராகப் பக்கச் சுவரில் முக்கோணக் குறியோ டி.டபிள்யூ.ஐ. என்ற எழுத்தோ காட்டும். பட்டன் தேய்ந்து மேட்டோடு சமமாகிவிட்டால் விவாதமே இல்லை. வயதையும் பார்க்க வேண்டும். பக்கச் சுவரில் நான்கு இலக்க எண் ஒன்று உண்டு: 2319 என்றிருந்தால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரம் செய்தது. வெயிலில் நின்றே வயதான டயரில் பட்டன் முழுதாக இருக்கும், பக்கச் சுவரில் முடி போல வெடிப்பு ஓடும். வாரத்துக்கு ஒருமுறை காய்கறி வாங்க மட்டும் ஓடும் வண்டிகளில் இது அதிகம். அந்த ரப்பரில் ஒட்டுப் போட்டுப் புண்ணியமில்லை. மாற்றுவது என்று முடிவானபின் கடையில் எடுத்துத் தரும் புது டயரிலும் அதே நான்கு இலக்கத்தைப் பாருங்கள். ஸ்டாக்கில் இரண்டு வருடம் தூங்கியதைப் புதுசு என்று தருவார்கள். ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு 15627 என்ற தர எண் இருக்கிறதா என்பதும் ஒரு நொடிப் பார்வைதான். இருசக்கர, மூன்று சக்கர டயர்களுக்கான இந்தியத் தரம் அது.

பஞ்சர் என்று நினைப்பதெல்லாம் பஞ்சரும் அல்ல. வால்வு ரப்பர் காய்ந்துபோய்க் கசியலாம். ரிம் துருப்பிடித்து விளிம்போரம் கசியலாம். எச்சில் தொட்டு வால்வு வாயில் வைத்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும். கடையில் பக்கத்திலேயே நின்று, பிடுங்கிய ஆணியைக் கேட்டு வாங்கிப் பார்ப்பது நல்லது. ஒரு ஓட்டையோடு போய் நாலு ஓட்டைக்குக் காசு கொடுத்த கதை ஊருக்கு ஊர் உண்டு. பெங்களூரு வெளிவட்டச் சாலையில் ஒருவர் காந்தம் கட்டிய கோலோடு நடந்து கிலோ கணக்கில் ஆணி பொறுக்கியது செய்தியாகவே வந்தது. எல்லாக் கடைக்காரரையும் அந்தக் கணக்கில் சேர்ப்பது அநியாயம். வேகாத வெயிலில் நம் வண்டியை ஓட வைப்பவர் அவர்தான்.

டியூப் உள்ள பழைய வண்டிகளுக்குத் தனித் தீர்ப்பு. அங்கே டயர் வேறு, டியூப் வேறு. டியூபில் சின்ன ஓட்டை என்றால் ஒட்டிக்கொள்ளலாம். வால்வு அடியில் கிழிந்தால், ஒட்டின் மேல் ஒட்டு விழுந்தால் புது டியூப். ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கம் ஓட்டுபவர்களுக்குத் தெரியும், அங்கே எதிரி ஆணியைவிட சீமைக் கருவேல முள்தான். முள் முனை ஒடிந்து டயருக்குள்ளேயே நிற்கும். டியூபை ஒட்டி மாட்டினால் அடுத்த நாளே அதே இடத்தில் குத்தும். டயரின் உட்புறத்தை விரலால் வளைத்துத் தடவிப் பார்க்காத ரிப்பேர் பாதி ரிப்பேர்தான். இங்கேயும் கதை உள்ளே பார்ப்பதில் வந்து நிற்கிறது.

நடுவே இரண்டு குறுக்கு வழிகள். ஒன்று, டயருக்குள் ஊற்றும் ஜெல். சின்னத் துளைகளை ஓடும்போதே அடைத்துவிடும் என்பது உண்மை. முள் காட்டில் ஓட்டுபவருக்குப் பயன்படும். ஆனால் பிறகு ஒட்டுப் போட நேர்ந்தால் உள்ளே பசையாகப் படிந்திருக்கும் அதைச் சுத்தமாகத் துடைத்தெடுக்காமல் எந்தப் பேட்சும் பிடிக்காது. காற்று குறைவதையே அது மறைத்துவிடுவதால், எத்தனை ஆணி ஏறியிருக்கிறது என்று உரிமையாளருக்கே தெரியாது. இரண்டாவது, டியூப்லெஸ் டயருக்குள் டியூப் போட்டுவிடுவது. பல ஓட்டை விழுந்த டயருக்குக் கடைக்காரர் சொல்லும் வழி. இதை நான் மறுக்கிறேன். டியூப்லெஸ்ஸின் பெரிய வரமே ஆணி குத்தியும் காற்று மெல்ல இறங்குவதுதான்; டியூப் போட்டதும் அந்த வரம் போய்விடும். குத்திய நொடியில் காற்று ரிம் வழியே ஓடிவிடும். இத்தனை ஓட்டை விழுந்த டயரில் இன்னும் ஆயிரம் ரூபாயை மிச்சம் பிடிக்கப் பார்த்து, அதில் இருந்த ஒரே பாதுகாப்பையும் கழற்றிவிடுவது என்ன கணக்கு?

இப்போது தீர்ப்பைச் சொல்லிவிடலாம். பின் டயர், நடுப்பட்டனில் நேராக இறங்கிய ஒற்றை ஓட்டை, 6 மி.மீ.க்குள், காற்று இறங்கியதும் நிறுத்தியாயிற்று, பள்ளம் 3 மி.மீ.க்கு மேல்: ஒட்டுங்கள். ரோட்டில் ஸ்ட்ரிப், அந்த வாரத்துக்குள் மெஷின் உள்ள கடையில் கழற்றி உள்ளே பார்த்து மஷ்ரூம். ஸ்ட்ரிப்பை ஏற்கெனவே குத்திவிட்டாலும் அதை உருவிவிட்டு மஷ்ரூம் போடலாம், ஓட்டை அளவு மீறாதவரை. பக்கச் சுவரில் ஓட்டை, உள்ளே கறுப்புத் தூள், புடைப்பு, நூல் தெரியும் வெட்டு, பழைய ஒட்டுக்குப் பக்கத்திலேயே புது ஓட்டை: இவற்றில் ஒன்று இருந்தாலும் மாற்றுங்கள், பட்டன் எவ்வளவு இருந்தாலும் சரி. இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே பள்ளம் உள்ள டயர்தான் உண்மையில் இழுபறி. மழைக்காலம் முன்னால் இருந்தால் நான் மாற்றும் பக்கம், தை மாசி என்றால் ஒட்டும் பக்கம்.

பேட்டரி ஸ்கூட்டர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு கூடுதல் சிக்கல் உண்டு. ஐகியூப் போலப் பின் சக்கரத்துக்குள்ளேயே மோட்டார் இருந்தால், சக்கரத்தைக் கழற்றுவது வயரைத் தொடும் வேலை; எல்லாக் கடையும் கை வைக்காது. அதனால் ஸ்ட்ரிப்போடு அப்படியே ஓட்டிவிடும் ஆசை அதிகமாகும். தீர்ப்பு மாறவில்லை, இடம்தான் மாறுகிறது: சர்வீஸுக்கு விடும்போது டயரைக் கழற்றி உள்ளே பார்க்கச் சொல்லி ஜாப் கார்டில் எழுதவையுங்கள். எழுதாததை யாரும் செய்யமாட்டார்கள்.

முன் டயருக்கு நான் இன்னும் கறார். பின் டயரில் காற்று போனால் வண்டி ஆடும். பெரும்பாலும் சமாளித்து ஓரம் கட்டிவிடலாம். முன் டயரில் போனால் ஹேண்டில் கையில் நிற்காது. முன்பக்கம் சுமை குறைவு, பஞ்சரும் குறைவு; அதனாலேயே முன் டயர் தேயாமல் வயதாகிக் கிடக்கும். அதில் ஸ்ட்ரிப் குத்தினால் மெதுவாக வீடு வரை மட்டும். நடுப்பட்டனில், சின்ன ஓட்டையாக, டயர் இளசாக இருந்தால் மஷ்ரூம். பட்டன் முடிந்து தோள் வளையும் ஓரத்தில் ஆணி ஏறியிருந்தால், வளைவில் சாயும்போது தரையைத் தொடுவது அந்த இடம்தான் என்பதால், முக்கால் பட்டன் மிச்சம் இருந்தாலும் நான் புது டயர்தான் போடுவேன். கடைக்காரர் "காத்து நிக்கும் சார்" என்பார். நிற்கும்தான். ஆனால் என் கேள்வி காற்றைப் பற்றியதல்ல, வளைந்து வளைந்து நிமிரும் அந்த ஓரத்து நூல்களைப் பற்றியது. அதற்கு அவரிடம் பதில் இருந்தால் ஒட்டச் சொல்கிறேன்.